வீடு கட்டித் தரும் என் பிள்ளைகளுக்கு



பதிவு கொஞ்சம் நீளம். நடுவில் ஒரு கணக்கும் வரும். கணக்கு வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டித் தருகிற தொழிலில் இருப்பவர்களும், வரும் தை மாதம் வாசக்கால் வைக்க நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் மட்டும் பாதியில் விட்டுவிடாமல் கடைசி வரை படியுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சென்னிமலையில் எந்த வீதிக்குள் நுழைந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். என் வகுப்பில் பாதிப் பேர் பெட்ஷீட்டும் துண்டும் நெய்கிற வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டதும் தார் சுற்றப் போய்விடுவார்கள். இன்றைக்கு அதே பிள்ளைகளில் எத்தனை பேர் கட்டட வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. இன்ஜினீயர், காண்ட்ராக்டர், மேஸ்திரி, சென்ட்ரிங், டைல்ஸ், பெயிண்ட், ஒயரிங் என்று எல்லா வேலையிலும் ஆள் இருக்கிறது. பெருந்துறை, ஈங்கூர், வெள்ளோடு பக்கம் எந்தப் புது வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போனாலும், "சார், இது நம்ம கட்டுனதுங்க" என்று ஒருவன் வந்து நிற்கிறான். அந்த நேரத்தில் மனசு நிறைந்துவிடுகிறது.

அதே கிரகப்பிரவேச வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்கும் கேள்வியும் ஒன்று உண்டு. "ஏனுங்க சார், உங்க பையன் லைசென்ஸ் வச்சிருக்கானுங்களா? நம்பி வேலையைக் குடுக்கலாமுங்களா?"

முதலில் அந்த லைசென்ஸ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம்.

தனியாருக்கு வீடு கட்டித் தருகிற காண்ட்ராக்டருக்கென்று தமிழ்நாட்டில் பரீட்சை வைத்து அரசாங்கம் தரும் லைசென்ஸ் எதுவும் இல்லை. 'லைசென்ஸ் இன்ஜினீயர்' என்று நாம் சொல்கிறவர், வரைபடம் தயாரித்துக் கையெழுத்துப் போடப் பதிவு பெற்றவர். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் அந்தப் பதிவு வருகிறது. அவருடைய முத்திரை வரைபடத்துக்கு உரியது. செங்கல் வைக்கிறவர், சாரம் கட்டுகிறவர் யார் என்பதற்கு அந்த முத்திரை பொறுப்பேற்காது. பொதுப்பணித் துறையில் வகுப்பு வாரியாக ஒப்பந்ததாரர் பதிவு இருக்கிறது. அது அரசாங்க வேலைக்கு டெண்டர் போடுவதற்கு. உங்கள் வீட்டுக்கு அது கட்டாயம் இல்லை. அந்தப் பதிவு உள்ளவர் என்றால் கொஞ்சம் அனுபவம் உள்ளவர் என்று எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஜி.எஸ்.டி. எண் என்பது வரிக்கான பதிவு. வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் வரவுசெலவு உள்ளவர் வைத்திருக்க வேண்டும். அதற்கும் வேலைத் தரத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு வீட்டு வேலையில் உண்மையிலேயே தகுதி பார்த்துக் கொடுக்கப்படும் லைசென்ஸ் என்றால் ஒயரிங் வேலைக்கானதுதான். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுக்கிறது. ஒயர்மேனுக்குத் தனிச் சான்று, சூப்பர்வைசருக்குத் தனிச் சான்று, காண்ட்ராக்டருக்குத் தனி உரிமம். இதை மட்டும் தயங்காமல் கேட்டு வாங்கிப் பாருங்கள். வேலையைச் செய்கிறவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிற லைசென்ஸ்காரர் வேறொருவர் என்று நம் பக்கம் சகஜமாக நடக்கிறது. அது நல்லதில்லை.

2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனே அனுமதி கிடைத்துவிடுகிறது. அலைச்சல் குறைந்தது, நல்ல விஷயம். அதே சமயம், முன்கூட்டியே வந்து பார்த்துச் சொல்லும் அதிகாரியும் இல்லை. பொறுப்பு முழுக்க வீட்டுக்காரர் தலையிலும் கட்டுகிறவர் தலையிலும்தான்.

கலிபோர்னியாவில் இருக்கும் என் மாணவி ஒருத்தி, குளியலறை ரிப்பேருக்கு ஆள் கூப்பிட்ட கதையைப் போனில் சொன்னாள். அங்கே காண்ட்ராக்டர் லைசென்ஸ் வாரியம் என்றே ஒன்று 1929-லிருந்து இருக்கிறதாம். விளம்பரத்தில் லைசென்ஸ் எண் போட வேண்டும். 25,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். அந்த எண்ணைப் போனில் தட்டினால், லைசென்ஸ் செல்லுமா, அவருடைய தொழிலாளர்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடுகிறது. "நம்ம ஊர்லயும் இப்படி இருந்தா நல்லா இருக்குமே சார்" என்றாள். நம் ஊரில் அப்படி இல்லை. அதனால்தான் லைசென்ஸைப் பற்றி அதிகம் கவலைப்படுவதைவிட, இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும் என்கிறேன். "தம்பி, உங்க ஆளுகளுக்கு இன்சூரன்ஸ் பண்ணியிருக்கீங்களா?"

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெயர், ஊர், வீதி எதையும் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களும் கீழே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2022-இல் நடந்தது. காண்ட்ராக்டர் என்னிடம் படித்தவன். கொத்தனாரும் என்னிடம் படித்தவன், இரண்டு வருஷம் இளையவன், ஒன்பதாவதோடு நின்றுவிட்டான். இருவரும் ஒரே வீதிக்காரர்கள். பதினைந்து வருஷமாக ஒன்றாக வேலை செய்தவர்கள். முதல் மாடி சன்ஷேடுக்குப் பூச்சு வேலை நடக்கும்போது சாரம் சரிந்து கொத்தனார் கீழே விழுந்தான். கோயமுத்தூர் வரை கொண்டுபோயும் இரண்டாம் நாள் போய்விட்டான். வயது 40. மனைவி, பன்னிரண்டாவது படிக்கும் மகள், ஆறாவது படிக்கும் மகன்.

காரியம் முடிந்த பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். நாலு லட்சம் என்று முடிவாயிற்று. காண்ட்ராக்டர் மறுபேச்சுப் பேசவில்லை. மனைவி நகையை அடகு வைத்து, கலவை மிஷினை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து வைத்தான். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, "இனி எந்தப் பாத்தியமும் இல்லை" என்று அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கினார்கள். எல்லோரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள்.

எட்டு மாதம் கழித்து, அந்தப் பெண்ணின் தம்பி அவளை வக்கீலிடம் அழைத்துப் போனான். காண்ட்ராக்டருக்கு நோட்டீஸ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"நாலு லட்சம் குடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கேனுங்க சார். இப்ப மறுபடியும் கேட்டா எப்படீங்க? அவன் நம்ம பையனுங்க, நான் என்ன வேணும்னா தள்ளிவிட்டேன்?"

காகிதத்தையும் பேனாவையும் எடுத்துவரச் சொன்னேன். அன்று அவனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் போடுகிறேன்.

வேலை செய்யும்போது தொழிலாளி இறந்தால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, வயதுக்கு ஏற்ப அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்க வேண்டும். கொத்தனார் மாதம் எவ்வளவு சம்பாதித்தாலும், 2020 ஜனவரியிலிருந்து கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சம் 15,000 ரூபாய். அதில் பாதி 7,500. 40 வயதுக்கு அட்டவணை எண் 184.17. பெருக்கினால் 13,81,275 ரூபாய். 30 வயது என்றால் எண் 207.98, தொகை 15,59,850. வயது குறையக் குறையத் தொகை கூடும், ஏனென்றால் அவன் இன்னும் சம்பாதித்திருக்க வேண்டிய வருஷங்கள் அதிகம். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீதம் வட்டி. சரியான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதம்.

"அப்ப அந்த நாலு லட்சமுங்க?" என்று கேட்டான்.

அதுதான் நம் ஊரில் யாருக்கும் தெரியாத விஷயம். இறப்புக்கான நஷ்டஈட்டை முதலாளி நேராகக் குடும்பத்தின் கையில் கொடுத்தால் சட்டம் அதை நஷ்டஈடாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. தொழிலாளர் துறையில் இதற்கென இருக்கும் ஆணையரிடம் கட்ட வேண்டும். அவர்தான் மனைவிக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பார். அவசரச் செலவுக்காக மூன்று மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையை மட்டும் முன்பணமாக நேரில் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் பத்திரமும் செல்லாது. கணவனை இழந்து பத்து நாளில் ஒரு பெண்ணிடம் வாங்கும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு இருக்க முடியும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

அவன் இன்னும் இரண்டு கேள்வி கேட்டான். இரண்டையும் நான் வேறு பல பேர் வாயிலும் கேட்டிருக்கிறேன்.

"அன்னைக்கு அவன் கொஞ்சம் தண்ணி போட்டிருந்தானுங்க சார்." குடித்திருந்தான், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்ற வாதங்கள் சிறு காயங்களுக்குத்தான் எடுபடும். இறந்துவிட்டாலோ, நிரந்தரமாக முழு ஊனம் ஆகிவிட்டாலோ அந்த வாதம் செல்லாது.

"பூச்சு வேலையை நான் சப் காண்ட்ராக்ட் விட்டிருந்தேன்னு சொன்னா?" அதுவும் நடக்காது. வீடு கட்டுவது உன் தொழில். அதில் ஒரு பகுதியை இன்னொருவருக்கு விட்டாலும், அவருடைய ஆளுக்கு நீதான் முதலில் கட்ட வேண்டும். கட்டிவிட்டு அவரிடம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

கணக்கைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணும் வந்தாள். "அண்ணன் எங்களுக்குத் துரோகம் பண்ணுனதா ஊர்ல பேசறாங்க. எனக்கு அப்படி இல்லீங்க சார். ஆனா பாப்பாவைப் படிக்க வைக்கோணுமுங்களே" என்றாள். அவளுக்கும் அதே கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் நியாயமாகத்தான் பேசினார்கள்.

கடைசியில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றுக் கட்டினான். மகள் படிக்கிறாள். அவன் இன்று வேறொரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருக்கிறான். ஒரே வீதியில் இருந்துகொண்டு இரண்டு வீட்டாரும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போவதில்லை. பதினைந்து வருஷச் சிநேகிதம் அதோடு போயிற்று.

இந்தத் தொகையை முழுக்க ஏற்றுக்கொள்ள ஒரு பாலிசி இருக்கிறது. தொழிலாளர் நஷ்டஈட்டு பாலிசி என்று கேட்டால் எந்தப் பொது இன்சூரன்ஸ் கம்பெனியிலும் தருவார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல் என்று நான்கு அரசுக் கம்பெனிகள் இருக்கின்றன. தனியார் கம்பெனிகளும் உண்டு. என்னிடம் படித்து இன்று பெருந்துறையில் சொந்தமாகக் கட்டடத் தொழில் நடத்தும் ஒரு பெண் இந்த பாலிசியைத் தவறாமல் எடுத்துவிடுகிறாள். போன வருஷம் அவளுடைய சைட்டில் சம்ப் குழிக்குள் ஒருவர் விழுந்து கால் முறிந்தது. வேலைக்கு வர முடியாத மாதங்களுக்குச் சட்டப்படி சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். அதைக் கம்பெனி கொடுத்தது. ஆள் குணமாகி இப்போதும் அவளிடமே வேலை செய்கிறார். "ஒரு வருஷ பிரீமியம், அந்த வீட்டு முன்வாசல் தேக்குக் கதவு விலைகூட வரலீங்க சார்" என்றாள்.

அவள் சொன்ன எச்சரிக்கைகளையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்று: பிரீமியத்தைக் குறைக்க, பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் நாலு பேர் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். விபத்து நடந்த பிறகு அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

இரண்டு: சப் காண்ட்ராக்டரின் ஆட்களும் சேர்த்தியா என்று கேட்டு, பாலிசியில் எழுதி வாங்குங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள்.

மூன்று: 2009-இல் வந்த திருத்தப்படி ஆஸ்பத்திரிச் செலவும் முதலாளியைச் சேர்ந்தது. பாலிசியில் அதற்குத் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டியிருக்கும், உச்சவரம்பும் இருக்கும். பார்த்து எடுங்கள்.

நான்கு: சம்பளப் பதிவேடு வையுங்கள். கோடு போட்ட நோட்டு போதும். பெயர், வயது, தேதி, கூலி, கையெழுத்து. வயதுக்கு ஆதார் நகல் ஒன்று.

ஐந்து: இழுத்தடித்ததற்கான அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டாது. விபத்து நடந்த அன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள்.

பத்துப் பேரும் அதற்கு மேலும் வைத்து வேலை செய்கிறவர்கள் தொழிலாளர் துறையில் பதிவு செய்ய வேண்டும், இ.எஸ்.ஐ.யும் பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளிக்கு மேலே சொன்ன நஷ்டஈடு தனியாக வராது. அதற்குப் பதில் இ.எஸ்.ஐ. வழியாகக் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வரும். 2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்களையெல்லாம் நான்கு தொகுப்புச் சட்டங்களாக்கிவிட்டார்கள். 1923 சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. சட்டத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது. தொழிலாளிக்கு முதலாளி பொறுப்பு என்பது அப்படியேதான் இருக்கிறது.

ஆட்களுக்கான பாலிசி இது. கட்டடத்துக்கென்று இன்னொன்று இருக்கிறது. 'காண்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்' என்பார்கள். வேலை முடிந்து சாவி கொடுக்கும் வரை மழை, வெள்ளம், தீ, திருட்டு, இடிந்து விழுதல் போன்றவற்றுக்கு முதல் பகுதி. பக்கத்து வீட்டுக்கோ வழியில் போகிறவருக்கோ பாதிப்பு வந்தால் அதற்கு இரண்டாம் பகுதி. நம் ஊர்ப் பழைய வீதிகளில் இந்த இரண்டாம் பகுதிதான் முக்கியம். ஒட்டி ஒட்டி ஓட்டு வீடுகள். நாம் அஸ்திவாரத்துக்கு ஆறடி தோண்டினால் பக்கத்து வீட்டு மண்சுவர் விரிசல் விடும். தவறான டிசைன், மட்டமான சாமான், மோசமான வேலை ஆகியவற்றைச் சரிசெய்யும் செலவு இந்த பாலிசியில் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிமெண்டைக் குறைத்துப் போட்டுவிட்டு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று தூங்க முடியாது.

சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தது நினைவிருக்கும். இறந்தவர்களில் மிகப் பலர் ஆந்திராவிலிருந்தும் நம் மாநிலத்துக் கிராமங்களிலிருந்தும் பிழைக்க வந்த கூலிக்காரர்கள். அந்தக் கட்டடத்துக்கு முறையான திட்ட அனுமதி இருந்தது. பக்கத்தில் மிச்சமிருந்த கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். காகிதத்தில் முத்திரை இருக்கிறது என்பதால் மட்டும் கீழே நிற்கிற ஆளுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கொத்தனார், சித்தாள், பெயிண்டர் வேலை செய்யும் என் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. பிளான் அப்ரூவலின் போது வீட்டுக்காரர் கட்டும் ஒரு சதவீதத் தொழிலாளர் நல நிதி அங்கேதான் போகிறது. விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. உங்களுக்காக வசூலித்த பணம் அது. பதிவு செய்யாமலும் புதுப்பிக்காமலும் விட்டுவிடாதீர்கள். பேங்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமாவிலும் சேருங்கள். 18 முதல் 70 வயது வரை சேரலாம், விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம். ஜூன் முதல் தேதிக்கு முன் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். காண்ட்ராக்டர்களே, இந்த இருபது ரூபாயை நீங்களே கட்டிவிட்டு, பாலிசி எடுத்ததாகக் கணக்குக் காட்டாதீர்கள். இது அவர்களுக்குக் கூடுதல் உதவி, உங்கள் பொறுப்பு தனி.

வீடு கட்டப் போகும் சொந்தக்காரர்களே, அக்ரிமெண்ட் போடும்போது பாலிசி நகலைக் கேளுங்கள். தேதி, வேலை நடக்கும் இடத்தின் விலாசம், ஆட்களின் எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். வேலை பத்து மாதம் என்றால் பாலிசியும் அதுவரை இருக்க வேண்டும். சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும்போது, அவன் முதலில் வெட்டுவது இந்தச் செலவைத்தான். நீங்களே கொத்தனாருக்கு நாள் கூலி கொடுத்து வேலை வாங்கினால், முதலாளி யார் என்ற கேள்வி உங்கள் பக்கம் திரும்பும் என்பதையும் மறக்க வேண்டாம். வேலையில் குறை என்றால் வீடு கட்டித் தருவதும் சேவை என்றே 2019 நுகர்வோர் சட்டம் சொல்கிறது. ஈரோட்டில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லை, எழுத்தில் எதுவும் இல்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. ஆனாலும் எல்லாம் எழுத்தில் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

"நம்ம பையன்கிட்டப் போய் பாலிசி கேட்டா சங்கடமா நெனைப்பானுங்களே" என்று தயங்குகிறவர்களுக்கு: வாத்தியார் கேட்கச் சொன்னார் என்று சொல்லுங்கள். பழியை என் மேல் போடுங்கள்.

காண்ட்ராக்டராக இருக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு வீட்டுப்பாடம். இந்த மாதக் கடைசிக்குள் உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பாலிசி இல்லாதவர்கள் "இல்லை சார்" என்று மட்டும் எழுதுங்கள், திட்ட மாட்டேன். இன்சூரன்ஸ் துறையில் இருக்கும் என் மாணவர்கள் இரண்டு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தேதியைப் பிறகு போடுகிறேன். காபி என் செலவு. வரும்போது மேஸ்திரிகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். சாரத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்
சென்னிமலை